அக்காவுடைய ஒரே ஒரு வரி

காலையிலிருந்து போன் அடங்கவே இல்லை. அது அலறும் ஒவ்வொரு முறையும் அக்காவின் கணவரான மாமா எடுத்து யார் என்று பார்ப்பார். பார்த்துவிட்டு இளையவளிடம் நீட்டுவார். அவள் ஒரு வாய் வெந்நீர் விழுங்கி, முதுகை நிமிர்த்தி, அக்காவாக மாறுவாள்.

“ரொம்ப நன்றிங்க. எல்லாம் உங்க அன்புதான். கண்டிப்பா, சாயங்காலம் மேடையில பார்க்கலாம்.”

எதிர் சோபாவில் கால்களை மடித்து உட்கார்ந்திருந்தாள் அக்கா. தன் குரல் தன்னை வீட்டில் விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டதைப் பார்ப்பவள் போல இருந்தது முகம்.

“அந்த ஆள்கிட்ட நான் இவ்வளவு மரியாதையாப் பேசினதே இல்லை,” என்றாள், போனை வைத்ததும்.

காய்ந்த சருகைத் தரையில் இழுப்பது போன்ற குரல். இந்த வீட்டுச் சுவர்களைத் தாண்டி இன்னும் யாரும் கேட்காத குரல்.

“நீ பேசியிருந்தா இந்நேரம் சண்டை முடிஞ்சு அவர் கோர்ட்டுக்குப் போயிருப்பார். நான் பேசினதால விருதுக்கு வாழ்த்து வருது,” என்றாள் இளையவள்.

அக்கா சிரித்தாள். சிரிப்பிலும் சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின.

சுரங்கப் படத்தின் படப்பிடிப்பு முடிந்து, டப்பிங் தொடங்கும் முன்புதான் அக்காவின் தொண்டையில் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். கட்டியை எடுத்தார்கள். குரல் திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னார். வந்தது, ஆனால் போன குரல் வரவில்லை. வெளியீட்டுத் தேதி சுவரெல்லாம் ஒட்டப்பட்டிருந்தது. டப்பிங்கையே தொழிலாகச் செய்பவளும், சின்ன வயதில் அக்காவைப் போலவே பேசிக் காட்டி அம்மாவிடம் அடி வாங்கியவளுமான இளையவள், ஒலிப்பதிவு அறைக்குள் போய்ப் படம் முழுக்க அக்காவுக்குப் பேசிவிட்டு வந்தாள். அவள் பெயரைப் படத்தில் போடவில்லை. சம்பளத்தைப் பற்றிக் கேட்டபோது, “அக்கா தங்கச்சிக்குள்ள என்னம்மா சம்பளம்?” என்று மாமா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

படம் ஓடியது. ஓய்வெடுக்காமல் ஓடியது. இப்போது சிறந்த நடிகை விருது. சொந்தக் குரலில் பேசி நடித்தவர்களுக்கு மட்டுமே தரும் விருது.

“கொஞ்சம் இப்படி வாம்மா,” என்று மாமா இளையவளைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டார். அக்காவின் சம்பளம், தேதி, வண்டி, கோபம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் அவர். கல்யாணமான புதிதில் மருந்து விற்கும் வேலையில் இருந்தார். இப்போதும் எதைச் சொன்னாலும் முதலில் நல்ல குணங்களைச் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் பக்க விளைவைச் சொல்வார்.

“புதுக் கம்பெனிக்காரங்க உங்க அக்காவுக்குக் குடுக்கறேன்னு சொல்ற சம்பளம், இதுவரைக்கும் எந்த நடிகையும் வாங்காதது. ஹீரோவுக்குக் குடுக்கற அதே அளவு. லாபத்துல பங்கு வேற.”

“நல்லதுதானே மாமா.”

“நல்லதுதான். ஒரே ஒரு நிபந்தனை. படப்பிடிப்புல பேசறதையே அப்படியே பதிவு பண்ணுவாங்களாம். டப்பிங்கே கிடையாதாம். ‘அந்தக் குரலுக்குத்தான் சார் இந்தச் சம்பளம். அதை எதுக்கு அறைக்குள்ள வச்சுப் பூட்டணும்?’ அப்படிங்கறார் முதலாளி.”

அடுத்த அறையில் அக்கா ஜன்னல் திரையை இழுத்துவிடும் ஓசை கேட்டது. வெளியே மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

“நான் பேசியிருக்கேன்,” என்றார் மாமா. “லாபப் பங்கை விட்டுக்குடுத்துடறோம், டப்பிங் வச்சுக்கங்கன்னு சொல்லியிருக்கேன். இன்னிக்கு விருது குடுத்ததும் முதலாளியே போன் பண்ணி முடிவு சொல்றேன்னார். ஒத்துக்குவார். ஒத்துக்கிட்டா, அதுக்கப்புறம் எல்லாம் உன் கையிலதான் இருக்கு.”

அவர் ஒரு தாளை மேசைமேல் நகர்த்தினார். பக்க விளைவு வந்துவிட்டது.

“மூணு வருஷத்துக்கு நீ வேற யாருக்கும் குரல் குடுக்கக் கூடாது. உன் குரல் வேற ஒரு முகத்துல கேட்டுச்சுன்னா, ஜனங்க யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க. மாசாமாசம் பணம் உன் வீட்டுக்கே வந்துடும்.”

“பேசாம இருக்கறதுக்கா?”

“பேசாம இருக்கறதுக்குத்தான். வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்குச் சம்பளம் வாங்கற முதல் ஆள் நீதான்.” அவரே சிரித்துக்கொண்டார். “எத்தனை பேர் சும்மாவே மூடிக்கிட்டு இருக்காங்க, பாரு.”

“நாளைக்குக் காலைல எனக்கு டப்பிங் இருக்கு மாமா. அந்தப் புதுப் பொண்ணு நடிக்கிற படம். அந்த டைரக்டர் என் பேரைப் படத்துல போடறேன்னு சொல்லியிருக்கார். முன்னாடி டைட்டில்லயே.”

“பேர்தானே? நம்ம வீட்டுக் கதவுல எழுதிக்கலாம்.”

அவள் முகத்தைப் பார்த்ததும் மாமா குரலைத் தாழ்த்தினார். “உனக்கு நான் கெட்டவனாத் தெரியறேன். பரவாயில்லை. அவளுக்கு இன்னும் எத்தனை வருஷம்னு நினைக்கறே? குரல் போனது தெரிஞ்சா, நாளைக்கே அம்மா வேஷத்துக்குக் கூப்பிடுவாங்க. அதுவும் ஊமை அம்மா. சாயங்காலத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லு.”

அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் கசந்தது. இளையவள் தாளைத் தொடாமல் எழுந்தாள்.

தன் குரல் எங்கெல்லாம் இருக்கிறது என்று அவள் சில சமயம் நினைத்துப் பார்ப்பதுண்டு. யார் யாருடைய உதடுகளுக்குப் பின்னாலோ, இருட்டில், வாடகைக்குக் குடியிருக்கிறது. ஒரு வீட்டிலும் வாசலில் பெயர்ப் பலகை இல்லை. நாளைக் காலை முதன்முறையாக ஒரு பலகை மாட்டப் போகிறார்கள். அதற்குள் குடியிருப்பவளையே காலி செய்யச் சொல்கிறார்கள்.

*

மதியம் ஒத்திகை.

விருது விழாவில் அந்த வரியைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள் என்று நிகழ்ச்சிக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எல்லோரும் கேட்கும் வரி அது. ஆட்டோ கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்கு வாத்தியாரிடம் சொல்லித் திட்டு வாங்குகிறார்கள். சுரங்கத்துக்குள் கணவன் சிக்கியிருக்க, தேடியது போதும் என்று அதிகாரிகள் சுரங்க வாயை மூட வருகிறார்கள். அந்தப் பெண் அவர்கள் முன் வந்து நிற்கிறாள்.

‘வீட்டுக் கதவையே நான் இன்னும் சாத்தலை. நீங்க எப்படி இதை மூடுவீங்க?’

‘சாத்தலை’ என்ற சொல்லின் முடிவில் குரல் உடையும். எச்சில் விழுங்கும் சின்ன ஓசை ஒன்று கேட்கும். பிறகு இரண்டாம் பாதி, கத்தாமல், கெஞ்சாமல். அந்த உடைசலுக்குத்தான் தியேட்டரில் ஜனங்கள் அழுதார்கள்.

மாமாவின் ஏற்பாடு எளிமையானது. அக்காவின் கையில் உயிரில்லாத மைக். மேடையோரத் திரைக்குப் பின்னால் இளையவள், உயிருள்ள மைக்குடன். அக்கா வாயசைப்பாள்.

அலமாரிக் கண்ணாடி முன் அக்கா நின்றாள். இளையவள் கதவுக்குப் பின்னால் நின்று, குரலை உடைக்காமல், நேரம் பார்ப்பதற்காக மட்டும் பேசினாள். சரியாக வரவில்லை. மறுபடி பேசினாள். அக்காவின் உதடு பிந்தியது. அடுத்த முறை முந்தியது.

“என்னடி இது, கூட்டத்துல தப்பாக் கை தட்டற ஆள் மாதிரி இருக்கேன்,” என்றாள் அக்கா.

“நீ என்னைத் துரத்தாதே. என் மூச்சைக் கேளு. நான் மூச்சு இழுக்கறப்பவே நீயும் இழு.”

“படம் முழுக்க நீ என் உதட்டைப் பார்த்துப் பேசினே. இப்ப நான் உன் மூச்சைக் கேட்டு வாயசைக்கணும்.” அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். “எது யாருக்குப் பின்னாடி போகுதுன்னே தெரியலை.”

இளையவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவளுடைய தோளில் சாய்ந்தாள். அக்காவின் கழுத்தில், தையல் இல்லாத, வெளியே தெரியாத அந்தக் காயம் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். ஒன்றுமே இல்லாத தோல். படத்தில் ஆயிரம் தடவை வெளிச்சம் பட்ட தோல்.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் அக்கா. “இந்த விருதை வாங்கப் போறதுக்கு எனக்குக் கால் வரலை. எல்லாம் நீ பேசினது. ஆனா அந்த ஒரு வரி மட்டும் நான். அதை நினைச்சுத்தான் போறேன்.”

இளையவள் அவள் தோளிலிருந்து தலையை மெல்ல எடுத்தாள்.

“காதுக்காரர் எனக்கு வாக்குக் குடுத்தாரு, தெரியும்ல? ஆபரேஷனுக்கு முன்னாடி நாள் வந்து சொன்னார். ‘மேடம், செட்டுல நீங்க அந்த வரியைச் சொன்ன மாதிரி இனி உங்களாலயே சொல்ல முடியாது. அதை மட்டும் நான் மாத்த மாட்டேன். செட்டுல பதிவானதையே வைக்கிறேன்’னு. மயக்க ஊசி போடறப்போ அதைத்தான் நினைச்சுக்கிட்டே போனேன். எல்லாம் போனாலும் ஒரு வரி மிச்சம் இருக்குன்னு.”

காதுக்காரர் என்று ஸ்டூடியோவில் எல்லோரும் கூப்பிடுவது அந்தப் படத்தின் ஒலிப்பதிவாளரை. அவர் வாக்குக் கொடுத்தது உண்மை. அதைக் காப்பாற்ற முடியாமல் போனதும் உண்மை.

செட்டில் பதிவான ஒலியைப் போட்டுக் கேட்டபோது, அக்காவின் குரலுக்கு அடியில் ஜெனரேட்டர் ஒன்று உறுமிக்கொண்டே இருந்தது. உறுமலை எடுத்தால் குரலும் கூடவே தேய்ந்தது. அக்கா அறுவை அறைக்குள் இருந்த அந்தப் பகலில், இளையவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். எங்கே மூச்சு இழுக்கிறாள், எங்கே விடுகிறாள், எங்கே எச்சில் விழுங்குகிறாள். கேட்டுக் கேட்டு அதையே பேசினாள். கடைசியாகப் பேசியபோது குரல் தானாக உடைந்தது. அது நடிப்பா, அந்த நேரத்தில் அக்காவின் தொண்டையில் கத்தி இருந்ததாலா என்று அவளுக்கே தெரியவில்லை. காதுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘அவகிட்ட யாரும் சொல்ல வேண்டாம்’ என்றார் மாமா அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து போனில். ‘தேறி வரட்டும்.’ தேறி வந்த பிறகு சொல்ல, யாருக்கும் வாய் வரவில்லை. வாயை வைத்துப் பிழைக்கிறவர்கள் நிறைந்த ஒரு கூட்டத்தில் ஒருவருக்கும் வரவில்லை.

“என்ன, பதிலே காணோம்?” என்று அக்கா அவளை இடித்தாள்.

“ஒண்ணுமில்லை. அந்த வரி நல்லா இருந்துச்சு அக்கா,” என்றாள் இளையவள்.

*

அரங்கத்தின் பின்பக்கம் ஈரக் குடைகளும் கேபிள் சுருள்களுமாக இருந்தது. மழை ஒருவழியாக ஒரு முடிவெடுத்துப் பெய்துகொண்டிருந்தது. மேடைக்குப் போகும் வழியில் தண்ணீர் சொட்டும் இடத்தில் யாரோ ஒரு பூந்தொட்டியை வைத்து மறைத்திருந்தார்கள்.

காதுக்காரர் தனக்குத் தெரிந்த மேடை ஒலிக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். இளையவளின் கையில் மைக்கைக் கொடுத்து, பக்கவாட்டில் இருந்த பொத்தானைக் காட்டினார்.

“இதை அழுத்தினா நீ. விட்டா யாரும் இல்லை,” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். “அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“ம்,” என்றார் அவர். அவள் மைக்கில் ஒட்டியிருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

மாமா குனிந்து வந்து அவள் காதருகில் கேட்டார். “யோசிச்சியா?”

“இப்ப கேக்காதீங்க மாமா.”

“அவர் போன் பண்ணும்போது நான் பதில் வச்சிருக்கணும்ல?”

திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிவி. அதில் மேடை தெரிந்தது. அக்காவின் பெயரைச் சொன்னார்கள். கூட்டம் எழுந்தது. கருப்புச் சேலையில், ஒரு நகையும் இல்லாமல், அக்கா மெதுவாக நடந்து போவது டிவியில் உள்ளங்கை அகலத்தில் தெரிந்தது. விருதைக் கொடுத்த பெரியவர் நடுவர்களின் குறிப்பைப் படித்தார். “முகத்தால் நடிப்பவர்கள் பலர். ஒரு சொல்லின் விளிம்பில் குரலை உடைத்து, ஒரு வாழ்க்கையையே காட்டியதற்காக...”

இளையவள் கண்களை மூடிக்கொண்டாள். அவளைத்தான் புகழ்கிறார்கள். எழுந்து போய் வாங்கிக்கொள்ள முடியாத ஒரு புகழ். பக்கத்து வீட்டு ஜன்னலில் தன் பிறந்தநாள் விளக்கு எரிவதைத் தெருவில் நின்று பார்ப்பது போல் இருந்தது.

“மேடம், அந்த ஒரு வரி! அதைக் கேக்காம இவங்க உங்களைக் கீழே இறங்க விட மாட்டாங்க!” என்றார் தொகுப்பாளர். அரங்கம் ஓவென்றது.

இளையவள் மைக்கை உதட்டருகே கொண்டுவந்தாள். கட்டை விரல் பொத்தான்மேல் இருந்தது. அக்கா மைக்கை உயர்த்தும் வரை காத்திருந்தாள்.

அக்கா தன் கையில் இருந்த மைக்கைப் பார்த்தாள். ஏதோ செத்துப்போன பறவையைப் பார்ப்பது போல் பார்த்தாள். பிறகு அதைத் தொகுப்பாளரிடம் கொடுத்துவிட்டு, அவர் கையில் இருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“ஐயோ,” என்றார் மாமா. “அது நிஜ மைக்.”

அக்கா பேசினாள்.

“வீட்டுக் கதவையே... நான் இன்னும்... சாத்தலை.”

சருகு இழுபடும் ஓசை அந்தப் பெரிய அரங்கத்தின் எல்லா மூலைக்கும் போயிற்று. யாரும் இருமவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையில் மேடத்துக்குக் குரல் அடைத்துவிட்டது என்று கூட்டம் நினைத்தது. கூட்டம் எப்போதும் அழகானதைத்தான் முதலில் நினைக்கும்.

அக்கா எச்சில் விழுங்கினாள். இரண்டாம் பாதிக்கு வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

டிவியில் அவள் கழுத்து நரம்புகள் தெரிந்தன. மறுபடி முயன்றாள். மைக்கில் வெறும் மூச்சு மோதும் சத்தம். அவள் தலை மெல்லக் குனிந்தது. நெற்றி மைக்கைத் தொட்டது. அரங்கில் இருந்த ஒருவருக்கும் அவள் உதடுகள் தெரியவில்லை.

“பேசு,” என்றார் மாமா. “பேசித் தொலையேம்மா!”

பேசினால், படத்தில் கேட்டதும் இந்தக் குரல்தான் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். பேசாவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். இளையவளுக்கு யோசிக்க இடமே இல்லை. யோசிப்பது மனசின் வேலை, பொத்தானில் இருந்தது விரல்.

“நீங்க எப்படி இதை மூடுவீங்க?”

படத்தில் வந்த அதே குரல். கத்தாமல், கெஞ்சாமல். அதே இடத்தில், அதே ஈரத்தோடு.

அரங்கம் வெடித்தது. எழுந்து நின்று தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். மழைச் சத்தமும் கைதட்டலும் ஒன்றாகிக் கூரையே இறங்கிவிடும் போல் இருந்தது.

டிவியில், அந்த ஆரவாரத்துக்கு நடுவே, அக்கா மட்டும் நிமிர்ந்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை. அவள் முகம் மெதுவாகத் திரும்பியது, பக்கத்துத் திரையின் பக்கம், இளையவள் நின்ற இருட்டின் பக்கம்.

இளையவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

*

ஒப்பனை அறையில் கண்ணாடியைச் சுற்றியிருந்த விளக்குகளில் பாதி எரியவில்லை. அக்கா விருதைப் பஞ்சு உருண்டைகளுக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் வைத்தாள். பளபளவென்று ஒரு பெண் உருவம். முகம் வழவழப்பாக, கண் மூக்கு எதுவும் செதுக்காமல் இருந்தது.

“இதுக்கும் வாய் இல்லை,” என்றாள் அக்கா.

மாமா கதவைச் சாத்தினார். “நல்லபடியா முடிஞ்சுது. ஒருத்தருக்கும் சந்தேகம் வரலை. ஆனா நீ ஏன் இப்படி...”

“கொஞ்ச நேரம் சும்மா இருங்க,” என்றாள் அக்கா. கண்ணாடி வழியாக இளையவளைப் பார்த்தாள். “எப்ப பேசினே அதை?”

இளையவள் கதவருகில் நின்றிருந்தாள். மைக்கைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

“நீ உள்ள இருந்தப்போ. ஆபரேஷன் அன்னிக்கு.”

“முழுசுமா?”

“முழுசும்தான். செட்டுல ஜெனரேட்டர் சத்தம் சேர்ந்துடுச்சு. உன்னோடதைக் கேட்டுக் கேட்டு அப்படியே பேசினேன். புதுசா நான் ஒண்ணும் பண்ணலை அக்கா. நீ பண்ணினதைத்தான் பண்ணினேன்.”

“அந்த எச்சில் விழுங்கற சத்தம்?”

“அதுவும்.”

அக்கா ஒரு பஞ்சை எடுத்துக் கண் மையைத் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. இன்னொன்றை எடுத்தாள்.

“தியேட்டர்ல உக்காந்து கேட்டேன். என்னோடதுன்னே நினைச்சேன். என் குரல் எனக்கே தெரியலை, பாரு.”

“முகம் முழுக்க உன்னோடதுதானே அக்கா.”

“முகத்தை மேக்கப்காரி போட்டா.”

யாரும் சிரிக்கவில்லை. மாமா பைக்குள் கையை விட்டு, காலையில் மேசைமேல் நகர்த்திய தாளை எடுத்தார். நேரம் காலம் தெரியாமல் இல்லை, நேரம் போகிறதே என்ற பயம்தான். “இப்ப அதெல்லாம் எதுக்கு? நடந்தது நடந்து போச்சு. இனி ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கணும். முதலாளி எந்த நிமிஷமும் கூப்பிடுவார். இதுல கையெழுத்துப் போட்டுட்டா...”

“என்ன அது?” என்றாள் அக்கா.

மாமா தயங்கினார். இளையவள்தான் சொன்னாள். “மூணு வருஷம் நான் யாருக்கும் பேசக் கூடாதாம். உனக்கு மட்டும்தான் பேசணுமாம். அதுக்கு மாசாமாசம் சம்பளம்.”

அக்காவின் கையில் இருந்த பஞ்சு அப்படியே நின்றது. இது அவளுக்குத் தெரியாது என்பது அந்தக் கை நின்றதிலேயே தெரிந்தது. வாக்கு, சொல்லாமல் விட்டது, தாள். இந்த வீட்டில் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பு எல்லாமே ஒருவருக்கொருவர் மறைத்ததாகவே இருந்தது.

“நான் போட மாட்டேன் மாமா,” என்றாள் இளையவள். குரல் நடுங்கியது. அது அக்காவின் குரல் இல்லை, நாளை பேச வேண்டிய புதுப் பெண்ணின் குரலும் இல்லை. “நாளைக்குக் காலைல எனக்கு வேலை இருக்கு. என் பேரைப் போடறாங்க. நான் போறேன்.”

“அப்ப உங்க அக்கா?”

“அது எனக்குத் தெரியலை.”

“தெரியலைன்னா? இவ்வளவு பெரிய சம்பளம், உன் ஒரு ‘தெரியலை’ல தொங்குதும்மா!”

“அவளை விடுங்க,” என்றாள் அக்கா. அவள் இளையவளைப் பார்க்கவில்லை. “போகட்டும். நாளைக்குப் போ. பேசு. ஆனா ஒண்ணு. இனிமே எனக்குப் பேசாதே. போன்லகூட வேண்டாம்.”

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, விலக்கி வைத்தது என்று எடுத்துக்கொள்வதா? இளையவளுக்குப் புரியவில்லை. அக்காவின் புதுக் குரலில் அந்த வித்தியாசங்களைக் கண்டுபிடிக்க அவள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பழைய குரலாக இருந்தால் ஒரு மூச்சிலேயே தெரிந்திருக்கும்.

அப்போது போன் அலறியது.

மாமா எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்தது. “முதலாளி. அவரே.”

பழக்கம் என்பது புத்திக்கு முன்னால் ஓடும். மாமாவின் கை தானாக இளையவள் பக்கம் நீண்டது. காலையிலிருந்து, இத்தனை மாதமாக நீண்ட அதே கை.

இளையவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“எடும்மா. இந்த ஒரு தடவை. சத்தியமா இதுதான் கடைசி.”

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எரிகிற விளக்குகளில் ஒன்று கண்ணைச் சிமிட்டியது. அக்கா எழுந்து வந்து, நடுவில் நீண்டிருந்த கையிலிருந்து போனை வாங்கினாள். மாமா தடுக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார்.

அவள் தொண்டையைச் செருமினாள்.

“ஹலோ. நான்தான் பேசறேன்.”

அந்தப் பக்கம் கொண்டாட்டச் சத்தம் கேட்டது. பிறகு, அறையில் இருந்த மூவருக்கும் கேட்கும்படி, ஒரு சந்தோஷமான உரத்த குரல் வந்தது.

“யாரும்மா நீ? வீட்டு வேலைக்கு இருக்கற அம்மாவா? போனை மேடம்கிட்ட குடும்மா, சீக்கிரம். அவங்க குரலைக் கேக்கணும்.”

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். மை பாதி அழிந்த அந்த முகத்தில் உதடுகள் திறந்திருந்தன.